அரிய டீப் சோல் சிங்கிளை வினைலில் மறுவெளியீடு செய்ய விரும்புவோருக்கு

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1960-களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ பத்தாண்டுக் காலம், தேவாலயத்தில் காஸ்பெல் என்னும் கிறிஸ்தவப் பக்திப்பாடல்களைப் பாடிப் பழகிய குரல்கள் காதலையும் துரோகத்தையும் மன்றாட்டையும் மெதுவான தாளத்தில் பாடிப் பதிவுசெய்த பாடல்களைச் சேகரிப்பாளர்கள் டீப் சோல் என்று அழைக்கிறார்கள். 1966-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பெர்சி ஸ்லெட்ஜின் ‘வென் எ மேன் லவ்ஸ் எ உமன்’ இவ்வகையில் உலகமே அறிந்த பாடல். மெம்பிஸ் நகரத்து கோல்ட்வாக்ஸ் லேபிளுக்காக (லேபிள் என்றால் தட்டு வெளியிடும் நிறுவனம்) ஜேம்ஸ் கார் பாடியவையோ, ரசிகர்கள் மற்றவற்றை அளந்து பார்க்க வைத்திருப்பவை. இந்தப் பெயரைப் பரப்பியவர் டேவ் கோடின் என்னும் ஆங்கிலேயப் பத்திரிகையாளர். 1997 முதல் லண்டனின் கென்ட் லேபிளுக்காக அவர் தொகுத்த நான்கு குறுந்தகடுகள், அதுவரை சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் மட்டும் இருந்த பல பாடகர்களை வெளியே கொண்டுவந்தன.

அந்த அலமாரிகளில் இருந்தவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும், சிங்கிள் எனப்படும் ஏழு அங்குலத் தட்டுகள். தமிழ்த் திரைப்பாடல்கள் வந்த ஈ.பி. தட்டின் அளவுதான் இதற்கும். ஆனால் பக்கத்துக்கு ஒரே பாடல், நடுவில் ஒன்றரை அங்குல அகலத்துக்குப் பெரிய துளை. ஊருக்கு ஒரு ஒலிப்பதிவுக் கூடமும் ஒருவரோ இருவரோ நடத்தும் லேபிளும் இருந்த அந்தக் காலத்தில், ஒரு பாடலைச் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, உள்ளூர் வானொலிக்கும் ஜூக்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். வானொலியில் எடுபடாத பாடல் அத்துடன் நின்றது. அப்படி நின்றுபோன தட்டுகள்தான் இன்று நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. அவற்றில் ஒன்றை முறையாக உரிமம் பெற்று, 300 அல்லது 500 பிரதிகள் மறுபடி அச்சிட நினைப்பவருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் அச்சு ஆலையின் விலைப்பட்டியலைக் கேட்டு எழுதுகிறார்கள். ஆலை இந்த வேலையின் கடைசிப் பகுதி. பணம் இருந்தால் அது நடந்துவிடும். உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவர்களிடம் கையெழுத்து வாங்குவதே இந்தத் தொழிலின் பெரும்பகுதி. அது முடியும்வரை ஒலிப்பொறியாளருக்கோ ஆலைக்கோ ஒரு டாலரும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

எந்தத் தட்டு?

மிக அரியதைத் தேடிப் போகாதீர்கள். உரிமையாளரைக் கண்டுபிடிக்க வாய்ப்புள்ளதும், இரண்டு பக்கமும் கேட்கத் தகுந்ததும், ஏற்கெனவே வேறு லேபிள் முறையாக மறுவெளியீடு செய்யாததுமான தட்டே முதல் முயற்சிக்கு ஏற்றது. பழைய தட்டுகளின் விவரங்களுக்கு டிஸ்காக்ஸ், 45கேட் ஆகிய தரவுத்தளங்களையும், ஏல விலைகளுக்கு பாப்சைக் தளத்தையும் பாருங்கள். ஏல விலையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. இரண்டே பேர் போட்டியிட்டாலும் ஏலத்தில் விலை ஏறிவிடும். அந்தத் தட்டை வாங்க 500 பேர் காத்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்றாகாது. ஒரு பாடல் வானொலி நிகழ்ச்சிகளிலும், ரசிகர்கள் கூடி சோல் பாடல்கள் கேட்கும் சோல் இரவுகளிலும் ஒலிக்கிறதா, மலிவான நகல் கிடைத்தால் வாங்குவேன் என்று விற்பனையாளர்களிடம் பலர் சொல்லி வைத்திருக்கிறார்களா என்பவை அதைவிட நம்பகமான அடையாளங்கள்.

ஏற்கெனவே வெளியானதா என்று பார்க்கும்போது குறுந்தகடுகளையும் ஜப்பானிய வெளியீடுகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பாடல் கென்ட் போன்ற லேபிளின் தொகுப்பில் வந்திருந்தால், உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அந்தத் தொகுப்பின் குறிப்பே சொல்லிவிடும். அது உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கலாம்; அந்த உரிமம் வேறு யாருக்கும் கொடுக்க முடியாதபடி முழுதாக விற்கப்பட்டிருந்தால் வேலையை அங்கேயே முடித்தும் விடலாம்.

உரிமையாளரைத் தேடுதல்

ஒரு தட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒலிப்பதிவின் உரிமை ஒன்று. எழுதி இசையமைத்த பாடலின் உரிமை மற்றொன்று. ஜேம்ஸ் காரின் ‘த டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்’ பதிவை வெளியிட்டது கோல்ட்வாக்ஸ். அந்தப் பாடலை எழுதியவர்கள் டான் பென்னும் சிப்ஸ் மோமனும். அந்தப் பதிவை யார் மறுவெளியீடு செய்தாலும் இரண்டு வழியிலும் அனுமதி பெற்று, இரண்டு வழியிலும் பணம் கொடுத்தாக வேண்டும்.

பழைய பதிவுதானே, உரிமைக் காலம் முடிந்திருக்குமே என்று சிலர் கேட்பார்கள். முடியவில்லை. அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15-க்கு முன் பதிவான ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டம் நெடுங்காலம் பொருந்தாமல், ஒவ்வொரு மாநிலச் சட்டமும் தனித்தனியாகப் பாதுகாப்புக் கொடுத்துவந்தது. 2018-ல் நிறைவேறிய இசை நவீனமயமாக்கல் சட்டம் இதைச் சீராக்கி, 1957 தொடங்கி 1972 பிப்ரவரி 15-க்கு முன்வரையிலான பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு அளித்தது. டீப் சோலின் பெரும்பகுதி இந்தக் காலத்துக்குள் அடங்குகிறது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 50 ஆண்டாக இருந்த காலம், 2013 நவம்பரில் 70 ஆண்டாக நீட்டப்பட்டது. அதற்குள் காலம் முடிந்துவிட்ட, அதாவது 1963-க்கு முன் வெளியான பதிவுகளுக்கு அந்த நீட்டிப்பு கிடைக்கவில்லை. 1962-ஐ எல்லையாக வைத்து உரிமம் இல்லாமலே அச்சிடும் ஐரோப்பிய லேபிள்கள் இருப்பதற்கு இதுவே காரணம். நமக்கு வேண்டிய பாடல்கள் பெரும்பாலும் 1964-க்குப் பிந்தியவை என்பதால் அந்தக் குறுக்குவழி இங்கே உதவாது. உதவினாலும், பாடியவர் உயிரோடு இருக்கும்போது அவருக்குத் தெரியாமல் தட்டு விற்பதை நான் சரியென்று சொல்ல மாட்டேன்.

தேடலைத் தட்டிலிருந்தே தொடங்குங்கள். லேபிள் காகிதத்தில் பாடலாசிரியர் பெயர், பதிப்பாளர் பெயர், தயாரிப்பாளர் பெயர், சில வேளைகளில் ஊரும் தெருவும்கூட இருக்கும். பாடல் முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் கீறியோ பொறித்தோ இருக்கும் எண்களைக் கண்ணாடி வைத்துப் படியுங்கள். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சான தட்டுகளில் முக்கோணக் குறியும் வரிசை எண்ணும் இருக்கும். அந்த எண்கள் காலவரிசையில் ஏறிச் செல்வதால், எந்த ஆண்டின் எந்தப் பகுதியில் அச்சானது என்று கணிக்கலாம். சின்சினாட்டியின் ரைட் நிறுவனத்தில் செலவுக்குப் பணம் கட்டி அச்சிட்டவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு எண் இருந்தது. ஒரே கணக்கு எண்ணில் வந்த பிற தட்டுகளைப் பார்த்தால், பெயரே தெரியாத லேபிளின் பின்னால் இருந்தவர் யார் என்று சில வேளைகளில் பிடிபட்டுவிடும். நாஷ்வில் நகரில் மூலத் தகடு செய்யப்பட்டதைக் காட்டும் முத்திரை, மெம்பிஸின் பிளாஸ்டிக் புராடக்ட்ஸ் ஆலையின் அடையாளம் ஆகியவை எந்த வட்டாரத்தில் தேட வேண்டும் என்று காட்டும்.

அடுத்து பாடலின் பதிவுகள். பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் பி.எம்.ஐ., ஆஸ்காப் ஆகிய இரு சங்கங்களின் தேடுதளங்களில் பாடலாசிரியர், பதிப்பாளர் விவரங்கள் கிடைக்கும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் 1978-க்குப் பிந்தைய பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. அதற்கு முந்தியவற்றுக்கு அந்த அலுவலகம் அச்சிட்ட பட்டியல் தொகுதிகளை எண்மப் படிகளாகப் பார்க்கலாம். 1972-க்கு முந்தைய ஒலிப்பதிவை அங்கே பதிவுசெய்யவே வழி இருந்ததில்லை என்பதால், அந்தப் பட்டியலில் பாடலைத்தான் தேட வேண்டும். இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவுக்கூட ஒப்பந்தத் தாள் கிடைத்தால் அது புதையல். நாள், கூடம், பணம் கொடுத்தவர், வாசித்தவர்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கும்.

பிறகு மனிதர்கள். டீப் சோல் பாடியவர்களில் பலர் தேவாலயத்திலிருந்து வந்து தேவாலயத்துக்கே திரும்பியவர்கள். அல் கிரீன் புகழின் உச்சத்திலேயே, 1976-ல், மெம்பிஸில் தமக்கென ஒரு தேவாலயம் அமைத்து ஊழியத்தில் இறங்கினார். புகழே கிட்டாத பலர் ஊர்த் தேவாலயத்தில் பாடுபவராகவோ போதகராகவோ வாழ்ந்தார்கள். அதனால் ஊர் நூலகத்தின் பழைய முகவரிப் புத்தகங்கள், கறுப்பினச் செய்தித்தாள்கள், இரங்கல் குறிப்புகள், தேவாலய அலுவலகங்கள் ஆகியவை இணையத் தேடலைவிட விரைவாக வழிகாட்டும். எழுதும்போது நீங்கள் யார், எந்தத் தட்டு, எத்தனை பிரதி, எவ்வளவு பணம் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்தப் பாடகர்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் ஒரு சென்ட் ராயல்டியும் பார்க்காதவர்கள். புகழ்மொழியைக் கேட்டு மகிழ்வதைவிடச் சந்தேகப்படவே அவர்களுக்குக் காரணம் அதிகம்.

பாடியவரைக் கண்டுபிடித்துவிட்டால் உரிமையாளரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பொருளல்ல. பதிவுக்குப் பணம் போட்டவர், நாடாவைப் பெரிய லேபிளுக்கு வாடகைக்கு விட்டவர், அந்த லேபிளை வாங்கியவர் என்று ஒரு சங்கிலி இருக்கும். பெர்சி ஸ்லெட்ஜின் பாடலே அலபாமாவின் ஷெஃபீல்டில் குவின் ஐவி என்பவரின் சிறிய கூடத்தில் பதிவாகி, நியூயார்க்கின் அட்லாண்டிக் லேபிள் வழியாக வெளிவந்தது. சங்கிலியின் ஒரு கண்ணியைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாக்ஸ் லேபிளின் கதை போதும்: அட்லாண்டிக்குடன் 1965-ல் போட்ட விநியோக ஒப்பந்தத்தின்படி தங்கள் பதிவுகளின் உடைமை அட்லாண்டிக்குக்கே போய்விட்டதை, அட்லாண்டிக் கைமாறிய பிறகே ஸ்டாக்ஸ் உணர்ந்தது. 1968-ல் பிரிந்தபோது அதுவரையிலான பதிவுகள் அட்லாண்டிக்குடன் நின்றுவிட்டன. பிந்தையவை 1975 திவாலுக்குப் பிறகு ஃபேன்டசி நிறுவனத்துக்குப் போயின. ஆகவே ஒரே லேபிளின் இரண்டு தட்டுகளுக்கு இரண்டு உரிமையாளர் இருக்கலாம்.

உரிமை தம்முடையது என்று சொல்பவரிடம் எழுத்துச் சான்று கேளுங்கள்: பழைய ஒப்பந்தம், விற்பனைப் பத்திரம், உயில், நீதிமன்ற ஆணை. நாடா ஒருவர் கையில் இருப்பது உரிமைக்குச் சான்றாகாது. இருவர் உரிமை கோரினால் வேலையை நிறுத்துங்கள். ஒருவரும் கிடைக்காவிட்டாலும் அச்சிடாதீர்கள். தேடிப்பார்த்தேன், பணத்தைத் தனியே வைத்திருக்கிறேன் என்பது நல்ல எண்ணத்தைக் காட்டலாம். சட்டத்தின் முன் அது உரிமமாகாது. உரிமையாளர் தெரியாத படைப்புகளுக்குப் பிரிட்டன் அரசு 2014 முதல் கொடுத்துவரும் உரிமமும் பிரிட்டனுக்குள் மட்டுமே செல்லும்.

ஒப்பந்தம்

இரண்டு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. எந்தப் பதிவு, எந்த வடிவம், எத்தனை பிரதி, எந்த நாடுகள், எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம், உரிமை தம்முடையதே என்ற உரிமையாளரின் உறுதிமொழி, அது பொய்யானால் யார் பொறுப்பு ஆகியவை இருந்தால் போதும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். மூத்த மகன் மட்டும் போட்டுக்கொடுத்த கையெழுத்தோடு நின்றுவிடாதீர்கள்.

பணம் கொடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. பிரதிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது ஒன்று. செலவு போக மிஞ்சுவதைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது மற்றொன்று. சிறிய அச்சுக்கு முதல் முறையையே நான் பரிந்துரைப்பேன். அதிலும், விற்ற பிரதிகளுக்கு அல்லாமல் அச்சிடும் பிரதிகள் அனைத்துக்கும் கையெழுத்தாகும் அன்றே கொடுத்துவிடுவது நல்லது. கணக்கு எளிதாகும், எண்பது வயதுப் பாடகர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. இலாபப் பங்கீட்டில் செலவு எது என்பதிலேயே தகராறு தொடங்கும். பதிவின் உரிமையாளர் வேறு, பாடியவர் வேறு என்றால், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பாடியவருக்கெனத் தனியே ஒரு தொகை ஒதுக்குங்கள்.

பாடலின் உரிமத்துக்கு அமெரிக்காவில் சட்டமே விலையை வைத்திருக்கிறது; இதைக் கட்டாய உரிமம் என்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாடலுக்கு ஒரு பிரதிக்கு 2023-ல் 12 சென்ட், 2024-ல் 12.4 சென்ட், 2025-ல் 12.7 சென்ட் என்று, விலைவாசிக்கு ஏற்ப அது ஏறிவருகிறது. 2025-ன் கணக்கில் 500 தட்டின் இரு பக்கத்துக்கும் சேர்த்து 127 டாலர் ஆகும். சிறிய எண்ணிக்கைகளுக்கு, பாடல் உரிமங்களை வழங்கும் ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியின் இணையச் சேவை போதும். ஒலிப்பதிவின் உரிமையாளர் அனுமதி இல்லாமல் நகலெடுப்பவருக்கு இந்தக் கட்டாய உரிமம் செல்லாது என்பதையும் கவனியுங்கள். தட்டு பிரிட்டனில் வெளியானால் எம்.சி.பி.எஸ்., ஜெர்மனியில் கெமா என்று அந்தந்த நாட்டுச் சங்கத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஆலைகள் அந்தச் சான்று வராமல் இயந்திரத்தை ஓட்டுவதில்லை.

ஒலி எங்கிருந்து?

மூலநாடா கிடைத்தால் நல்லது என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது உண்மை, எப்போதும் அல்ல. அந்தக் காலத்தில் பாடலின் முடிவில் ஒலி மெல்லக் குறைவது, குரலின் மேல் ஏறிய அழுத்தம், மேல்ஸ்தாயியின் கூர்மை ஆகியவற்றில் ஒரு பகுதி, நாடாவிலிருந்து தட்டு வெட்டும்போது சேர்க்கப்பட்டதாக இருக்கலாம். நாடாவை அப்படியே போட்டால் பாடல் நீண்டு, மந்தமாக, வேறொரு வேகத்திலும்கூட வரக்கூடும். ஒரே பாடலைப் பலமுறை பாடிப் பதிந்த டேக்குகளில், பெட்டியில் இருப்பது வெளியான டேக்தானா என்பதையும் பழைய தட்டோடு வைத்து வரிக்கு வரி கேட்டு உறுதிசெய்ய வேண்டும். நாடாவிலிருந்து வேலை செய்தாலும், அளவுகோலாக ஒரு நல்ல அசல் தட்டு பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாடாவைக் கையில் எடுத்ததும் ஓட்டிப் பார்க்கத் தோன்றும், ஓட்டாதீர்கள். சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அது அசிட்டேட் நாடா, ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். அசிட்டேட் நாடா கெட்டால் வினிகர் வாடை வீசும், சுருங்கும், ஒடியும். 1970-களிலும் அதற்குப் பின்னும் வந்த, முதுகுப் பூச்சுள்ள சில பாலியெஸ்டர் நாடாக்களில் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓட்டும்போது காந்தப் பூச்சே உரிந்து வந்துவிடும். ஆம்பெக்ஸ் 406, 456 இதற்குப் பேர்போனவை. அவற்றை ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் பல மணிநேரம் உலர்த்தினால் ஒருமுறை நகலெடுக்கும் அளவுக்குத் தேறும். இந்த வைத்தியத்தை அசிட்டேட் நாடாவுக்குச் செய்தால் நாடா பாழாகும். பழைய நாடாக்களில் பழகிய பொறியாளரிடம்தான் இதைக் கொடுக்க வேண்டும்.

நாடாவே இல்லாத தட்டுகள்தான் அதிகம். அப்போது கிடைக்கக்கூடிய மிக நல்ல பிரதியிலிருந்து ஒலியை எடுக்க வேண்டும். இங்கே தெரிந்திருக்க வேண்டிய முக்கியமான செய்தி, அமெரிக்க சிங்கிள்கள் எல்லாம் வினைல் அல்ல என்பது. பல ஆலைகள் செலவைக் குறைக்கப் பாலிஸ்டைரீனில் வார்த்தன. அது விறைப்பாக இருக்கும், லேபிள் காகிதம் மேலே ஒட்டப்பட்டிருக்கும், கனமான ஊசியில் சில டஜன் முறை ஓடியதுமே குரலின் உச்சங்களில் கரகரப்பு ஏறிவிடும். பார்வைக்குப் பளபளக்கும் ஸ்டைரீன் பிரதி காதுக்குத் தேய்ந்திருக்கலாம். கீறல் தெரியும் வினைல் பிரதியில் குரல் முழுதாக இருக்கலாம். கண்ணால் தரம் பிரிக்காமல், ஓட்டிக் கேட்டே தேர்ந்தெடுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று சேகரிப்பாளர்களிடம் பிரதிகளைக் கடன் வாங்கி ஒப்பிடுங்கள். வானொலி நிலையத்துக்குப் போன பிரதிகளில் பாடல் தொடங்கும் இடம், அறிவிப்பாளர் முன்னும் பின்னும் சுழற்றிச் சுழற்றி உரசிப் போயிருக்கும். மெதுவாகத் தொடங்கும் டீப் சோலில் அந்த முதல் இரண்டு நொடிதான் அதிகம் கேட்கும்.

தட்டைக் கழுவி, மோனோ (ஒற்றைத் தட ஒலி) பள்ளத்துக்கு ஏற்ற ஊசியால் எடுக்க வேண்டும். ஒரு மில், அதாவது ஆயிரத்தில் ஒரு அங்குல ஆரமுள்ள ஊசி வழக்கமானது. அந்தக் கனத்தில் பள்ளம் தேய்ந்திருந்தால், சற்று மெல்லிய ஊசியோ பெரிய ஊசியோ தேயாத மட்டத்தில் ஓடும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஸ்டீரியோவாக இருந்தால் பள்ளத்தின் இரு சுவர்களும் தனித்தனித் தடங்களாக வரும். மோனோ தட்டில் இரண்டிலும் ஒரே பாட்டுதான் என்பதால், இரண்டையும் கூட்டினால் மேலும் கீழுமான அசைவிலிருந்து வரும் இரைச்சல் நீங்கும். ஒரு சுவர் மட்டும் கெட்டிருந்தால் மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கோப்பாகச் சேமியுங்கள். சுத்தம் செய்யாத அந்த முதல் கோப்பை அழிக்கவே கூடாது.

கீறலால் வரும் சொடக்கு ஒலிகளை மென்பொருளால் நீக்குவது நியாயமானது. தொடர்ந்து வரும் சன்னமான இரைச்சலை அடியோடு துடைப்பதில்தான் புதியவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். இந்தப் பாடல்களில் ஆர்கன் அடியில் நீண்டு ஒலிக்கும், குரல் வரிக்கு வரி மூச்செடுக்கும், கூடத்தின் எதிரொலி மெல்ல அடங்கும். இரைச்சல் நீக்கி இவற்றை இரைச்சலென்றே எண்ணிச் சேர்த்துத் துடைத்துவிடும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல். நீக்கியவற்றை மட்டும் தனியே ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். அதில் பாடகரின் மூச்சு கேட்டால் அளவைக் குறையுங்கள். கொஞ்சம் இரைச்சலோடு வரும் தட்டை எந்தச் சேகரிப்பாளரும் குறை சொல்வதில்லை.

வெட்டுதலும் அச்சும்

ஒலிக்கோப்பைத் தட்டாக வெட்ட இரண்டு வழிகள் இருக்கின்றன. அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மென்மையான லாக்கரில் வெட்டுவது பழைய முறை. தாமிரத்தில் நேரடியாக வெட்டும் டி.எம்.எம். முறை 1980-களில் ஜெர்மனியின் டெல்டெக் நிறுவனம் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் லாக்கர் தகடு செய்துவந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை 2020 பிப்ரவரி 6 அன்று எரிந்துபோன பிறகு, அந்தத் தகடுகளுக்கு உலகமே ஜப்பானின் எம்.டி.சி. நிறுவனத்தை நம்பியிருக்க நேர்ந்தது. இரண்டரை நிமிடச் சிங்கிளுக்கு இரண்டு முறையும் தாராளமாகப் போதும். இடம் நிறைய இருப்பதால் நல்ல ஓசையோடு வெட்டலாம். என் விருப்பம் லாக்கர்தான், ஆனால் வெட்டுபவரின் காது முறையைவிட முக்கியம். தாளத்துக்கு ஆடும் இசைக்கு வெட்டுவதுபோல் வெட்ட வேண்டாம் என்றும், மோனோவாகவே இருக்கட்டும் என்றும் அவரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

லாக்கரின் மேல் வெள்ளியும் நிக்கலும் படியவைத்துத் தந்தைத் தகடு, அதிலிருந்து தாய்த் தகடு, அதிலிருந்து அச்சிடும் ஸ்டாம்பர் என்று வரிசையாக உருவாகும். ஒரு ஸ்டாம்பர் ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் தாங்கும் என்பதால் சிறிய அச்சுக்கு ஒரு ஜோடி போதும். செக் நாட்டின் ஜி.இசட். மீடியா, ஜெர்மனியின் ஆப்டிமல், நாஷ்வில் நகரின் யுனைடெட், டெட்ராய்டின் தேர்ட் மேன் ஆகியவை தெரிந்த ஆலைகள். யுனைடெட்டின் முன்னோடியான புல்லட் பிளாஸ்டிக்ஸ் 1949-லேயே நாஷ்வில்லில் அச்சிட்டுவந்தது. விலை கேட்கும்போது பெரிய துளை உண்டா, வளையத்தில் உங்கள் எண்ணைப் பொறிப்பார்களா, உலோகத் தகடுகள் எவ்வளவு காலம் யாரிடம் இருக்கும் என்பவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

முழு அச்சுக்கு முன் ஆலை சோதனைக்கு அனுப்பும் டெஸ்ட் பிரெஸ்ஸிங் வந்ததும் எல்லாப் பிரதிகளையும் முழுதாக, குறைந்தது இரண்டு வெவ்வேறு இயந்திரங்களில் கேட்க வேண்டும். ஒரே இடத்தில் எல்லாப் பிரதியிலும் சொடக்கு வந்தால் குறை தகட்டில். ஒன்றில் மட்டும் வந்தால் அது அந்தப் பிரதியின் குறை. துளை மையத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். வேகமான பாடலில் காதுக்குத் தப்பிவிடும் விலகல், மெதுவான பாடலில் நீண்டு ஒலிக்கும் ஆர்கனின் சுருதியை அலையவைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பிடிக்கவில்லை என்றால் மறுக்கத் தயங்காதீர்கள். ஒப்புதல் கொடுத்த பிறகு ஆலையிடம் பேச ஒன்றுமில்லை.

லேபிளும் உறையும்

அசல் லேபிள் காகிதத்தைப் போலவே அச்சிட ஆசை வரும். அந்தச் சின்னமும் வடிவமைப்பும் ஒருவரின் உடைமை. உரிமத்தில் அவற்றைத் தனியே சேர்த்திருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். சேர்த்திருந்தாலும் உங்கள் லேபிளின் பெயரும், மறுவெளியீட்டு ஆண்டும், புதிய எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும். சோல் சேகரிப்பில் 1970-கள் முதலே கள்ளப் பிரதிகள் புழங்குகின்றன. இன்று நீங்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் அச்சு அசல் நகலை, பத்தாண்டு கழித்து யாரோ ஒருவர் அசலென்றே விற்பார். காகிதத்தைக் கிழித்து மாற்றலாம், வளையத்தில் பொறித்ததை மாற்ற முடியாது. ஆகவே அங்கேயும் ஆண்டைப் பொறிக்கச் சொல்லுங்கள்.

லேபிளில் பாடல், பாடியவர், எழுதியவர், பதிப்பாளர், நேரம், முதலில் வெளியான ஆண்டும் லேபிளும், யாரிடம் உரிமம் பெற்றது என்ற வரி ஆகியவை வேண்டும். பாடகரின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமோ குடும்பத்திடமோ கேட்டுவிடுங்கள்; அசலில் பிழையாக அச்சான பெயர்கள் ஏராளம். உறைக்குப் பழுப்புக் காகிதமே போதும். மிச்சமாகும் பணத்தில் பாடகரைப் பற்றி ஒரு தாள் எழுதி உள்ளே வைக்கலாம். சிகாகோவின் நியூமரோ குழு 2004-ல் ஒஹாயோவின் கேப்சோல் லேபிளைத் தன் முதல் வெளியீடாகக் கொண்டுவந்தபோது, பாட்டோடு அந்த லேபிளின் வரலாற்றையும் சேர்த்தே தந்தது. வாங்குபவர்கள் இன்று எல்லோரிடமும் அதை எதிர்பார்க்கிறார்கள்.

எண்ணிக்கையும் விற்பனையும்

ஒலிச்சீரமைப்பு, வெட்டுதல், தகடு ஆகியவற்றின் செலவு 300 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றே. அதனால் எண்ணிக்கை கூடக்கூடப் பிரதியின் அடக்கவிலை குறையும்; அதைப் பார்த்து மயங்கி ஆயிரம் அச்சிட்டு வீட்டில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் தட்டுக்கு 500 என்பதே மேல் எல்லை. அடக்கவிலையைப் போட்டு, கடைக்காரர் மொத்த விலைக்கு எடுத்தாலும் நட்டம் வராதபடி விலை வையுங்கள். வாங்குபவர்கள் பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா என்று பரந்திருப்பதால், அஞ்சல் செலவு தட்டின் விலையை எட்டிவிடும். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நம்பிக்கையான விற்பனையாளருக்குக் கட்டாக அனுப்புவது இருவருக்கும் இலாபம். முன்பதிவுப் பணத்தை டெஸ்ட் பிரெஸ்ஸிங்கை ஒப்புக்கொண்ட பிறகே வாங்குங்கள். அதற்கு முன் சொல்லும் எந்தத் தேதியையும் ஆலை காப்பாற்றாது.

பிரதிகள் வந்திறங்கியதும், விற்பனைக்கு முன், ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணிக்கையைப் பாடகருக்கோ குடும்பத்துக்கோ அனுப்புங்கள். நாடாவைக் கடன் வாங்கியிருந்தால், அதையும் சுத்தம் செய்யாத ஒலிக்கோப்பின் ஒரு படியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது அச்சுக்கு ஆலையில் சொல்வதற்கு முன், ஒப்பந்தம் எத்தனை பிரதிவரை அனுமதித்தது என்று எடுத்துப் பார்த்து, மிகுதிக்கான தொகையைக் கட்டிவிட்டு, புதிய எண்ணிக்கையை எழுத்தில் பதிந்துகொள்ளுங்கள்.